தீங்கு குறைந்த குற்றவாளி

வல்லத்தேரி காவல் நிலையத்துக்கு மெய்யறிவன் வந்து இறங்கிய அன்று அதற்கு ஆரத்தி எடுத்தார்கள். நெற்றியில் வைத்த குங்குமம் உலோகத்தில் நிற்காமல் உதிர்ந்தது. ஏட்டு சுடலைமுத்து எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பி ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்து ஒட்டினார்.

ஆள் உயரம், சாம்பல் நிறம், வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல். துப்பறிவதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம். லாக்கப்பில் ஆட்கள் சாவது அதிகமாகிப்போய், நீதிமன்றம் கண்டபடி கேள்வி கேட்ட பிறகு அரசாங்கம் வாங்கியது. இயந்திரம் யாரையும் அடிக்கக் கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. வெறுமனே 'அடிக்காதே' என்று விதி எழுதினால், அப்படியானால் உதைக்கலாமா என்று துறையிலிருந்தே யாராவது விளக்கம் கேட்பார்கள். ஆகவே பொறியாளர்கள் விதியைக் கொஞ்சம் அகலமாக எழுதினார்கள்: உன் செயலால் மனிதர்களுக்கு விளையும் துன்பம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். படித்த எல்லோருக்கும் பிடித்துப்போனது. திறப்பு விழாவில் அமைச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"டீ வேண்டாம், லீவு வேண்டாம், மாமூலும் வேண்டாம்னா இது எப்படி மேடம் நம்ம டிப்பார்ட்மெண்டுல தாக்குப்பிடிக்கும்?" என்று சுடலைமுத்து கேட்டார்.

இன்ஸ்பெக்டர் வடிவாம்பாள் சிரித்தாள். ஆனால் தாக்குப்பிடித்தது. வந்த சில மாதங்களிலேயே தேங்கிக் கிடந்த கொலைகளுக்கெல்லாம் குற்றவாளிகளைக் கண்டுபிடித்தது. பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்த ஒருவன். பஞ்சுமிட்டாய் விற்க வந்த வடநாட்டுக்காரன் ஒருவன். கோயில் வாசலில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தி. எல்லோர் மேலும் சாட்சியங்களைச் சங்கிலி மாதிரி கோத்துக் கொடுத்தது. கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. வடிவாம்பாளுக்குச் சுதந்திர தின விழாவில் பதக்கம் குத்தினார்கள். அவளுக்கு லேசாக ஏதோ உறுத்தியது. பதக்கத்தின் ஊசி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் கொலை நடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆவுடையப்பன் ஊரில் பெரிய கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரர். முகூர்த்த நாள் ஒன்றில், கீழே கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்த அவருடைய அலுவலக அறையில் யாரோ குத்துவிளக்கால் மண்டையைப் பிளந்துவிட்டார்கள். யாரோ என்று சொல்வது மரியாதைக்காகத்தான். அவருடைய தம்பி சிவஞானம் அந்த அறைக்குள் வெள்ளைச் சட்டையோடு போனதும், சட்டை முழுக்கச் சிவப்போடு வந்ததும் கேமராவில் இருந்தது. அண்ணன் தம்பி இருவரும் நகராட்சித் தலைவர் பதவிக்கு ஒரே கட்சியில் சீட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். முந்தின நாள் டீக்கடையில் வைத்து, "எங்கண்ணன் நின்னா நான் அவனை நிக்க விடமாட்டேன்" என்று சிவஞானம் சத்தம் போட்டிருந்தார். மாடிப்படியில் எதிரே வந்த நாதஸ்வரக்காரரிடம், "குங்குமம் கொட்டிருச்சு" என்று அவராகவே விளக்கமும் சொல்லியிருந்தார். வல்லத்தேரி வரலாற்றிலேயே இவ்வளவு சுலபமான கொலை வழக்கு வந்ததில்லை.

மெய்யறிவன் எல்லாவற்றையும் பார்த்தது. அறையை முகர்ந்தது. மதியத்துக்குள், "கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்றது.

"சிவஞானம்தான?" என்றாள் வடிவாம்பாள்.

"இல்லை. ஜெபமணி."

ஜெபமணி பல்செட்டு செய்பவர். மனைவி செத்த பிறகு நாகர்கோவிலை விட்டு வந்து, ரயிலடி லாட்ஜில் ஒரு அறை எடுத்துத் தங்கி, ஊரிலுள்ள பொக்கை வாய்களுக்கெல்லாம் பல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. ஆவுடையப்பன் கேட்டிருந்த மேல்வரிசைப் பல்லைக் கொடுக்க அன்று மாடி ஏறியவர் பிணத்தைப் பார்த்துக் கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் கல்யாண வீட்டார் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் கண்டது ஒரு பிணத்தையும், கையில் பற்களோடு நிற்கும் ஓர் ஆளையும்.

"அவரு போறதுக்கு முன்னாடியே ஆளு செத்தாச்சு. கேமராவுலயே நேரம் இருக்கு. நீயே பாத்தல்லா?" என்றாள் வடிவாம்பாள்.

"பார்த்தேன்."

"பாத்துட்டுமா இப்படிச் சொல்லுத? யாரு கொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சிவஞானம் கொன்றார். அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்பது யாரைக் கைது செய்வது என்பதை. அது வேறு கணக்கு."

வடிவாம்பாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு. கேக்கேன்."

"சிவஞானத்தைக் கைது செய்தால் ஊரில் கடையடைப்பு நடக்கும். பேருந்துகள் எரியும். அவருடைய ஒரு லட்சம் தொண்டர்கள் கொதித்தெழுவார்கள். தீக்குளிக்கவும் கூடும். ஜெபமணியைக் கைது செய்தால் அழுவதற்கு ஒருவரும் இல்லை. லாட்ஜ் மேலாளர் அந்த அறையை மறுநாளே வாடகைக்கு விடுவார். துன்பம் மிகக் குறைவு."

"ஜெபமணிக்கு?"

"அவருக்கு மிகுந்த துன்பம்தான். ஆனால் ஒருவருக்குத்தானே?"

கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வடிவாம்பாள் கேட்டாள்.

"பஞ்சுமிட்டாய்க்காரன்?"

"நிரபராதி. இனிமையான மனிதர். என்னிடம் கூட ஒரு பஞ்சுமிட்டாய் நீட்டினார்."

வடிவாம்பாள் உடனே டிஎஸ்பிக்குப் போன் போட்டாள். இயந்திரம் கொலைகாரர்களைக் கண்டுபிடிப்பதில்லை, நாதியற்றவர்களைக் கண்டுபிடிக்கிறது என்று சொன்னாள். பழைய வழக்குகளையெல்லாம் திரும்பத் திறக்க வேண்டும் என்றாள்.

"வடிவு, மிஷின் வாரதுக்கு முன்னாடி நாம எப்படிம்மா பிடிச்சோம்?" என்றார் டிஎஸ்பி.

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதையேதான் அதுவும் செய்யுது. நாம அடிச்சு ஒத்துக்க வச்சோம், அது அடிக்காம செய்யுது. முன்னேற்றம்லா? திறக்கணும்னு போனா நீயும் நானும் உள்ள இருப்போம். போனை வையி."

ஜெபமணியை லாக்கப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பல்செட்டை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனி இது யாருக்கும் பொருந்தாதும்மா. ஒரு வாய்க்குச் செஞ்சது இன்னொரு வாய்க்குச் சேராது" என்றார் வடிவாம்பாளிடம். தன்னை விடச் சொல்லிக்கூட அவர் கேட்கவில்லை. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது. தனக்காகக் கேட்க ஓர் ஆள் இருக்கக்கூடும் என்பதே மறந்துபோன மனிதராக இருந்தார்.

சுடலைமுத்து தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "மேடம், எங்க மாமனாருக்கு இவருதான் பல்லு கட்டித்தாரேன்னு அளவு எடுத்திருக்காரு. இவரை உள்ள போட்டா மனுசன் கஞ்சியே குடிச்சுக்கிட்டு கிடக்கணும். வீட்டுல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாவ."

வடிவாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மாமனாரு மாதிரி ஊருல இன்னும் எத்தனை பேருய்யா?"

"கெழடு கெட்டைன்னு நெறைய இருக்கும் மேடம். செஞ்ச பல்லு எல்லாம் லாட்ஜு ரூம்புல டம்ளர்ல ஊறிக்கிட்டு கிடக்காம்."

"போயி அம்புட்டு பேருகிட்டயும் சொல்லும். பல்லு வேணும்னா நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும்."

மறுநாள் காலையில் வல்லத்தேரி அதுவரை பார்த்திராத போராட்டம் ஒன்று நடந்தது. ஆட்டோவில், மகன்களின் பைக்கின் பின்னால், சக்கர நாற்காலியில், கைத்தடி ஊன்றி, வாய் குழிந்த கிழவர்களும் கிழவிகளும் வந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தலைமை தாங்கினார். அவர் போட்ட கோஷம் பாதி காற்றாக வெளியே போனது. அதனால் யாருக்கும் புரியவில்லை. புரியாததால் பயமாகவும் இருந்தது. ஒரு கிழவி நேராக உள்ளே வந்து மெய்யறிவனின் முன்னால் வாயைத் திறந்து காட்டினாள்.

"பாரு. நல்லாப் பாரு. என் பேரனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பந்தியில உக்காந்து நான் முறுக்கைக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கவா? சொல்லுலே!"

இயந்திரம் அந்த வாயை வெகுநேரம் பார்த்தது. அதன் மார்பில் பச்சை விளக்கு படபடத்தது.

"மேடம், கணக்கு மாறிவிட்டது. இவ்வளவு பேர் மெல்ல முடியாமல் தவிப்பது பெருந்துன்பம். ஜெபமணி கொலையாளி அல்ல. விட்டுவிடுங்கள்" என்றது.

ஜெபமணி வெளியே வந்தபோது கிழவர்கள் கைதட்டினார்கள். தனக்காக இவ்வளவு பேர் வந்ததை நம்ப முடியாமல் அவர் வாசலிலேயே நின்றார். தாசில்தார் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் ஏறியபோது ஜெபமணி அழுதுகொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் இயந்திரம் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குள் ஒவ்வொருவராகப் பார்த்தது. சுடலைமுத்துவைப் பார்த்து, மனைவி, மூன்று பெண்கள், மாமனார் என்று முணுமுணுத்துவிட்டு அவரைத் தாண்டிப் போனது. வடிவாம்பாள் முன்னால் வந்து நின்றது.

"மேடம், உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

கணவனைவிட்டுப் பிரிந்து வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா இல்லை. குவார்ட்டர்ஸில் அவள் வளர்த்த ஒரு பூனையும் போன மழைக்காலத்தில் எங்கோ போய்விட்டது.

"கொலை நடந்த அன்று பாதுகாப்புக்காக நீங்களும் மண்டபத்துக்குப் போயிருந்தீர்கள். மாடிப்படி உங்களுக்குத் தெரியும். சாட்சியங்களைக் கோப்பது கடினமல்ல" என்றது மெய்யறிவன். குரலில் பகையே இல்லை. நல்ல வரன் ஒன்று அமைந்துவிட்டதைச் சொல்பவரைப் போலச் சொன்னது.

"ஏய், மேடம் மேல கைய வச்சே..." என்று சுடலைமுத்து லத்தியைத் தூக்கினார்.

"உங்களுக்கு வருத்தம் இருக்கும், ஏட்டய்யா. குறித்துக்கொள்கிறேன். ஆனால் நேற்று அவர் விடுப்பு தரவில்லை என்று நீங்கள் திட்டியதையும் கழிக்க வேண்டியிருக்கிறது."

வடிவாம்பாள் பயத்தில் யோசித்தாள். பயத்தில்தான் அந்தக் கேள்வியும் வந்தது.

"நான் போனா ஏட்டய்யா ஒருத்தராவது வருத்தப்படுவாரு. உனக்கு யாரு இருக்கா?"

விளக்கு அணைந்து எரிந்தது.

"ஒருவரும் இல்லை" என்றது மெய்யறிவன்.

"நீயும் அன்னைக்கு மண்டபத்துக்கு வந்தல்லா?"

"வந்தேன்." பிறகு ரொம்ப நிம்மதியான குரலில் சொன்னது: "மேடம், ஆவுடையப்பனைக் கொன்றது நான்தான்."

அது தானாகவே நடந்து போய் லாக்கப்புக்குள் நின்றுகொண்டது. சார்ஜ் வயரை மட்டும் கம்பி வழியாக வெளியே நீட்டியது. சுடலைமுத்து அதைச் சுவரில் செருகினார். செருகியபின் அது சுவர் மின்சாரத்தில்தான் ஓடும்; நடுவில் பிடுங்கினால் அணைந்துவிடும்.

இதைவிடச் சந்தோஷமான கைதியை யாரும் பார்த்ததில்லை. கைதியைவிடச் சந்தோஷமாக இருந்தார் டிஎஸ்பி. அடிக்கவில்லை, சாட்சி மாறாது, ஜாமீன் கேட்காது. சுற்றுவட்டார ஸ்டேஷன்களிலிருந்து போன்கள் வரத் தொடங்கின. எங்கள் பக்கத்து நகைத் திருட்டு ஒன்று இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டது. தான் தயாரிக்கப்படுவதற்கு முன்பு நடந்த சிலைத் திருட்டையும் ஒத்துக்கொண்டது. பஞ்சுமிட்டாய்க்காரனின் வழக்கையும், மற்ற இருவரின் வழக்குகளையும் தன் தலையில் போட்டுக்கொண்டதால், அவர்கள் மூவரும் வெளியே வந்தார்கள். அந்த ஒன்றுக்காக வடிவாம்பாள் அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

அண்ணனின் அனுதாபக் கூட்டத்தில் சிவஞானம் பேசினார். இயந்திரங்களுக்கு ஈரம் இல்லை என்றார். என் அண்ணன் உயிரை ஒரு தகரம் குடித்துவிட்டதே என்று மைக்கைக் கட்டிக்கொண்டார். தலைவர் பதவிக்கு அவர் பெயரே உறுதியாயிற்று. ஊர் முழுக்க அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் ஃபிளெக்ஸ்கள் முளைத்தன.

அதற்கு மறுநாள் ஆவுடையப்பனின் மகள் கனகவல்லி ஸ்டேஷனுக்கு வந்தாள். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துபவள். வந்து லாக்கப்பின் முன்னால் நின்றாள்.

"எங்க அப்பாவை எதுக்குக் கொன்ன?" என்று இயந்திரத்தைக் கேட்டாள்.

"வருந்துகிறேன்" என்றது அது.

"எப்படிக் கொன்ன? விளக்கை எந்தக் கையில பிடிச்ச? எங்க அப்பா கடைசியில என்ன சொன்னாரு?"

"வருந்துகிறேன்."

கனகவல்லி திரும்பினாள். அவள் சத்தம் போட்டிருந்தால் வடிவாம்பாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். போடவில்லை.

"மேடம், எங்க சித்தப்பாதான்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நேத்து கூட்டத்துல என் தலையைத் தடவிக் கொடுத்தாரு. அதே கையி. நான் சிரிக்கணுமா, அழணுமான்னு தெரியாம நின்னேன். உங்களுக்குப் பயமா இருந்தா பயம்னு சொல்லிருங்க, நான் போயிருதேன். மிஷின்னு மட்டும் சொல்லாதீங்க."

வடிவாம்பாளால் கனகவல்லியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பயம்தாம்மா" என்றாள் மேசையைப் பார்த்து.

கனகவல்லி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டாவது போயிருக்கலாம். வெறுமனே தலையை ஆட்டினாள்.

வடிவாம்பாள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். "ஏட்டய்யா, ஜீப்பை எடும்."

"எங்க மேடம்?"

"சிவஞானம் வீட்டுக்கு."

"பஸ் எரியும் மேடம்!"

"எரியட்டும். அதைப் பிறகு பாப்போம்."

லாக்கப்பிலிருந்து மெய்யறிவன் பதறியது. ஒரு லட்சம் தொண்டர்கள், கடையடைப்பு, தீக்குளிப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர்கள் அதைக் காதில் வாங்காமல் கிளம்பினார்கள்.

சிவஞானம் வீட்டில் மேடைப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கைது என்றதும் முதலில் சிரித்தார். "யம்மா, யோசிச்சுச் செய்யி. நான் ஜீப்புல ஏறுனா ஊரு பத்திக்கிட்டு எரியும்" என்றார். ஏற்றினார்கள். கடைத்தெரு வழியாகவே ஜீப் போனது. சுடலைமுத்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். டீக்கடையில் ஒருவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். பரோட்டாக்கடையில் மாவு அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. சிவஞானத்தின் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்றின் நிழலில் ஒரு ஆடு படுத்திருந்தது.

ஸ்டேஷனில் வேறு அறை இல்லாததால் அவரையும் இயந்திரத்தோடு லாக்கப்பில் போட்டார்கள். வடிவாம்பாள் கூடுதல் போலீஸ் கேட்டு எல்லா ஊருக்கும் சொல்லியிருந்தாள். இரண்டு வேன் நிறைய வந்து, கேடயங்களை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

"யாரும் வந்திருக்காங்களா?" என்று சிவஞானம் கேட்டார்.

"இல்ல" என்றார் சுடலைமுத்து.

மதியம் திரும்பவும் கேட்டார். இல்லை. மாலையில் கேட்டார். இல்லை. கட்சி மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்குள் கட்சி வேறு ஒருவர் பெயரை அறிவித்திருந்தது. ஃபிளெக்ஸ்காரர்கள் ஏணியோடு தெருவில் இறங்கி, மரச்சட்டங்களிலிருந்து சிவஞானத்தின் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வடிவாம்பாள் கம்பியருகே வந்து இயந்திரத்தைக் கேட்டாள்: "ஒரு லட்சம் பேருன்னு சொன்னியே, அதை எங்க இருந்து எடுத்த?"

"சுவரொட்டிகளில் அச்சிட்டிருந்தது, மேடம்."

அவள் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் தான் பயந்த பயங்களையெல்லாம் எந்தச் சுவரில் படித்தோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

மெய்யறிவனின் விளக்கு படபடக்கத் தொடங்கியது. அது நிமிர்ந்து நின்றது.

"மேடம், கணக்கு மாறிவிட்டது. என் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன். கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். சிவஞானம்தான். கேமரா பதிவு, சட்டையிலிருந்த ரத்தம், நாதஸ்வரக்காரரின் சாட்சி, எல்லாம் மறுக்க முடியாதவை."

"அடேயப்பா! எப்படிய்யா கண்டுபிடிச்ச?" என்றார் சுடலைமுத்து.

"இவருக்காக அழ ஒருவரும் இல்லை."

சிவஞானம் அதைக் கேட்டார். வாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். இந்தத் தடவை மைக் இல்லை.

மெய்யறிவன் குனிந்து அவரை உற்றுப் பார்த்தது. விளக்கு மறுபடியும் படபடத்தது.

"மேடம், ஒருவர் அழுகிறார். கணக்கைச் சற்றுத் திருத்த வேண்டியி..."

வடிவாம்பாள் எட்டிச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.